இரண்டு கிலோ இரும்பும் ஒரு காகிதத் தட்டும்

நான்: சித்தப்பா, வேட்டை உரிமம் கைக்கு வந்துவிட்டது! இந்தப் பருவம் ரைபிள் வேண்டாம், கைத்துப்பாக்கியோடு மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் போகலாம் என்று இருக்கிறேன். 500 மேக்னம் ரவை போடுகிற பெரிய ரிவால்வர் வாங்கட்டுமா?

சித்தப்பா: இதுவரை ரிவால்வரில் எத்தனை ரவை சுட்டிருப்பாய்?

நான்: ஒரு ஐம்பது இருக்கும்

சித்தப்பா: அப்போது வேண்டாம்.

அக்கா: முடிந்தது கதை

மாமா: ஏன் மச்சான் பையனைத் தடுக்கிறீர்கள்? பன்றி என்றால் பெரிய ரவைதானே நல்லது

சித்தப்பா: மச்சான், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003-ல் அதைக் கொண்டுவந்தபோது எனக்கும் வாய் ஊறியது. நீளக் குழல் வைத்தது ஏறக்குறைய 2 கிலோ. அவ்வளவு கனம் இருந்தும் கையை உதறி எடுத்துவிடும். கை ஒருமுறை பயந்துவிட்டால் பிறகு அதைச் சமாதானப்படுத்துவது பெரிய பாடு.

சித்தப்பா: நான் 454 கசூலில் ஆரம்பித்தவன், அதுவும் பலமாக உதைக்கிற ரிவால்வர் ரவைதான். ஒரு பருவம் முழுக்கத் தவறவிட்டேன், பழியைக் குறிகாட்டி மேல் போட்டேன். கடைசியில் நண்பர் ஒருவர் எனக்குத் தெரியாமல் சிலிண்டரில் மருந்தில்லாத இரண்டு காலித் தோட்டாவைக் கலந்து வைத்தார். விசையை இழுத்தேன், ‘டிக்’ என்றது. வெடிக்காத தோட்டாவுக்கு என் குழல் நன்றாகக் குனிந்து கும்பிடு போட்டது. தப்பு குறிகாட்டியில் இல்லை, உதைக்குப் பயந்த என் கையில். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா: இதை ஏன் இத்தனை வருடமாக எங்களுக்குச் சொல்லவில்லை சித்தப்பா?

நான்: சரி, அப்புறம் எதுதான் வாங்குவது? அதைவிடச் சின்ன 357 மேக்னம் போதுமா?

சித்தப்பா: மானுக்குப் போதும், ஆனால் கிட்டத்தில் நின்று, நல்ல கோணம் கிடைத்தால் மட்டும். 158 கிரெய்ன் ரவை, அதாவது சுமார் 10 கிராம். குழல் வாயில் அதன் சக்தி 550 அடி-பவுண்டு அளவில் இருக்கும். 44 மேக்னத்தில் 240 கிரெய்ன், பதினைந்தரை கிராம். ஏழரை அங்குலக் குழலில் 900-க்கு மேல் போகும். மான், பன்றி இரண்டும் என்றால் என் கை 44 பக்கம்தான் போகும்.

மாமா: 10 மி.மீ. ஆட்டோ பிஸ்டல்? ரவையும் நிறையப் பிடிக்கும்

சித்தப்பா: 357-க்கும் 44-க்கும் நடுவில் வரும், பன்றிக்கு மோசமில்லை. ஆனால் மச்சான், வேட்டையில் கணக்கு முதல் ரவைக்குத்தான். மிச்சப் பதினாலும் ஓடுகிற பன்றியின் பின்னால் போகும்.

சித்தப்பா: 44-ல் இன்னொரு வசதி. அதே ரிவால்வரில் 44 ஸ்பெஷல் என்கிற மெதுவான, குட்டையான ரவையும் போடலாம், உதை பாதிகூட இருக்காது. முதல் சில மாதம் அதில் பழகு. ஆனால் ஸ்பெஷல் துப்பாக்கியில் மேக்னம் போடக் கூடாது. நுழையாமல் இருக்கத்தான் மேக்னத்தின் உறையைக் கொஞ்சம் நீளமாகச் செய்தார்கள். அப்புறம், குட்டை உறை சுட்டால் சிலிண்டர் அறைக்குள் கரி வளையம் படியும். தேய்த்துச் சுத்தம் செய்யாமல் மேக்னம் போட்டால் இறுகும்.

அத்தை: துப்பாக்கி இருக்கட்டும் தம்பி, அவன் காதுக்கு என்ன?

சித்தப்பா: நல்ல வேளை கேட்டாய் அக்கா. மேக்னம் ரிவால்வர் 160 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடி காதைக் கெடுத்துவிடும். வெடியை மட்டும் அடக்கி, சருகுச் சத்தத்தை விடுகிற மின்னணுக் காதுமூடி இருக்கிறது. காட்டில் அதுதான் சரி.

நான்: ரைபிள் ஸ்கோப் ஒன்று சும்மா கிடக்கிறது, அதை மாட்டலாமா?

சித்தப்பா: அது கண்ணுக்கு நான்கு விரல் பக்கத்தில் இருந்தால்தான் படம் காட்டும். கையை நீட்டிப் பிடித்தால் இருட்டுதான். கைத்துப்பாக்கிக்கான ஸ்கோப் வேறு. சிவப்புப் புள்ளி காட்டுகிற குறிகாட்டி வைத்தாலும் போதும். பிடிக்கும்போது சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கிற இடுக்குப் பக்கம் விரலைக் கொண்டுபோகாதே, பக்கவாட்டில் சீறும் வாயு தோலைக் கிழிக்கும்.

நான்: ரவை?

சித்தப்பா: மானுக்கு, வேட்டைக்கென்றே செய்த விரியும் முனை. தற்காப்பு ரவை மேலோட்டமாகவே விரிந்து நின்றுவிடும், காயம்பட்ட மான்தான் மிஞ்சும். பெரிய பன்றிக்குக் கடின ஈயத் தட்டைமுனை. குறைந்தபட்சக் காலிபர், குழல் நீளம் உன் உரிம விதியில் இருக்கும், வாங்குமுன் அதைப் படி.

நான்: எவ்வளவு தூரம் சுடலாம்? 100 மீட்டர்?

சித்தப்பா: அதைத் தட்டு சொல்லும். மானின் நெஞ்சுக்கூட்டில் நாம் குறிவைக்கிற இடம் சுமார் 20 செ.மீ. அந்த அளவுத் தட்டை மாட்டி, முட்டிபோட்டு உட்கார்ந்து ஆறு சுடு. ஆறும் உள்ளே விழுகிற தூரம்தான் உன் தூரம். ஐந்து விழுந்தால் பத்து மீட்டர் முன்னால் வா. எனக்கு இன்றைக்கும் 60-ஐத் தாண்டவில்லை.

மாமா: இத்தனை வருடத்துக்கு அப்புறமும் 60-ஆ!

சித்தப்பா: நீங்களும் ஞாயிறு சுடுதளத்துக்கு வாங்க மச்சான், பார்ப்போம். டேய், அதுவரை எதுவும் வாங்காதே. என் 44-ஐக் கொண்டுவருகிறேன், காலித் தோட்டாவும் கொண்டுவருவேன். நீ தட்டு எடுத்து வா.

அத்தை: காகிதத் தட்டு. போன தடவை என் பீங்கான் தட்டை எடுத்துப்போனவர்கள் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்

மாமா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்