மிதவைக்கு மானியம் கொடுத்தால் மட்டும் பாசி விளைஞ்சிடுமா?

தொண்டியான்:
ராமநாதபுரம் கடல்ல மிதவை போட்டுக் கடற்பாசி வளர்க்கிறதைக் குறை சொல்றவங்க முதல்ல கணக்கைப் பாருங்க. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம்: விதைப்பாசி 60 கிலோ. 45 நாளில் நல்லா வந்தால் 240 கிலோவுக்குக் குறையாது. மத்திய அரசின் மீன்வளத் திட்டமான மத்ஸ்ய சம்பதாவில் மிதவைக்கு மதிப்பு 1,500 ரூபாய். பெண்களுக்கு 60 சதவீதம், அதாவது 900 மானியம். டீசல் செலவே கிடையாது, மீன்பிடித் தடைக்காலத்திலும் வேலை உண்டு.

வாடைக்காற்று:
தடைக்காலமா? அதே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான் வடகடல், அதாவது பாக் விரிகுடா, தண்ணி சூடேறிக் கிடக்கும். ஆழமில்லாத கரை, பாசி வெளுத்துக் கொப்புக் கொப்பா ஒடிஞ்சு உதிரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிச்சா மிதவையே கரைக்கு வந்துடும். ஆண்டுக்கு 6 அறுவடைன்னு காகிதத்தில் இருக்கே, அந்த 270 நாள் எங்கே? மானியமோ முதல் நடவோடு சரி. பாசி செத்தால் அடுத்த 60 கிலோ விதை யார் தருவா? 2013க்குப் பிறகு விளைச்சல் விழுந்தது மூங்கில் இல்லாமலா?

தொண்டியான்:
விதைக்குத்தானே வளமாவூர்ல கடற்பாசிப் பூங்கா? 2023-லேயே அடிக்கல் நாட்டியாச்சு. பாசி தின்னும் ஓரா மீன் கடிச்சா மிதவைக்கு அடியில் வலை கட்டுங்க. காற்றுக்குப் பத்து மிதவையைப் பிணைச்சு நங்கூரம் போடுங்க. வாடைக்குத் தென்கடல், மன்னார் வளைகுடா, அமைதியாத்தானே இருக்கும், அங்கே மாத்திக்கலாமே.

குந்துகால்:
அங்கேதான் சிக்கல். இது வெளிநாட்டுப் பாசி, கப்பாஃபைகஸ். அந்த மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவில் பவளப்பாறை மேல படர்ந்து மூடினது 2008-லேயே பதிவாச்சு. ஒடிஞ்ச துண்டு ஒண்ணு போதும், ஒட்டிக்கும். 2005 அரசாணை பாக் விரிகுடாவின் வடபுறத்தையும் தூத்துக்குடிக்குத் தெற்கையும்தான் அனுமதிச்சது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுப் பக்கம் மிதவை வரவே கூடாது. அந்தத் தீவுகள் 1986-ல் தேசியப் பூங்கா ஆனபிறகு, அங்கே தானா வளரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துப் பிழைச்ச பெண்களுக்கு என்ன மாற்று? அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

வாடைக்காற்று:
சரியாச் சொன்னீங்க. வடகடலை விட்டு நகர முடியாதுன்னா, கோடைக்கு விதையைக் காப்பாத்தக் கரையில் தொட்டி வேணும், காயப்போட மேடை வேணும். 10 கிலோ ஈரப்பாசிக்கு 1 கிலோ காய்ஞ்சது. விதைக்கு 60 எடுத்து வச்சா, மிச்சம் 180-க்கு 18 கிலோதான். அதையும் மணல்ல விரிச்சா மண் ஒட்டி, வியாபாரி விலையை அடிப்பான். மானியத்தை அங்கே போடட்டும்.

தொண்டியான்:
மேடை போடட்டும், யார் வேண்டாம்னா? இடம்? கரைவலை இழுக்கிற, வள்ளம் ஏத்துற கரையில்தான் போடணும். ஊர்க்கூட்டத்தில் கேட்டுப் பாருங்க, முதல் சண்டையே அதுதான்.