உயரம் குறைந்தவர் ஹிமாலயன் 450 வண்டியை மண் பாதைக்குத் தயார் செய்வது எப்படி?

கல்வராயன்_மலைப்பாதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் உயரம் 155 செ.மீ., எடை 52 கிலோ. கவட்டிலிருந்து தரை வரை கால் நீளம் வெறுங்காலில் 70 செ.மீ. இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வைத்திருக்கிறேன். வாங்கும்போதே நிறுவனம் தனியாக விற்கும் தாழ்வான இருக்கையைப் போட்டுக்கொண்டதால் இருக்கை உயரம் இப்போது 805 மி.மீ. தார்ச்சாலையிலும் நகர நெரிசலிலும் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.

சிரமமெல்லாம் மலைப்பாதையில்தான். கல்வராயன் மலையில், மழைநீர் அரித்துப் பள்ளமாக்கிய மண் பாதைகளில், ஏற்றத்தின் நடுவே நிற்க நேர்ந்தால் கால் ஊன்ற வேண்டிய பக்கம் தரை இன்னும் ஒரு சாண் கீழே இருக்கிறது. 196 கிலோ எடையுள்ள வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கிவிட்டால் என்னால் அதைத் தாங்கிப் பிடிக்க முடிவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி என் கைக்கு நன்றாகவே அடங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் மாற்று இணைப்புத் தகடான லோயரிங் லிங்க் போட்டால் பின்பக்கம் 25 முதல் 30 மி.மீ. வரை இறங்கிவிடும், அரை நாளில் வேலை முடிந்துவிடும் என்று இங்குள்ள மெக்கானிக் சொல்கிறார். அதைச் செய்யலாமா, அல்லது அதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு உண்டா? ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் போடச் சொல்லியும் சிலர் அறிவுறுத்துகிறார்கள். மண் பாதையில் ஓட்டி அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோவை_ஸ்பிரிங் எழுதியது:

வணக்கம் சகோதரி. உயரத்தோடு எடையையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்த எடையில்தான் இருக்கிறது.

வண்டியின் உயரத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இருக்கையைத்தான் பார்க்கிறோம். ஆனால் நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதே கால் தரைக்கு எட்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த அமுங்கும் அளவை ஸாக் என்கிறோம். மண் பாதையில் ஓடும் வண்டிக்கு, ஓட்டுபவர் முழு உடுப்போடு உட்கார்ந்திருக்கும்போது, மொத்த சஸ்பென்ஷன் அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஸாக் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் பின் சக்கர அசைவு 200 மி.மீ. என்பதால் 60 முதல் 66 மி.மீ. வரை அமுங்குவது சரியான அளவு. ஆனால் நிறுவனம் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது உங்களைவிட மிகுந்த எடை உள்ளவரையும், பின்னால் ஒருவர் அமர்வதையும், பெட்டிகளில் ஏற்றும் சுமையையும் மனத்தில் வைத்துத்தான். 52 கிலோ எடைக்கு அந்த ஸ்பிரிங் போதிய அளவு அமுங்காது. அப்படியானால் நீங்கள் வண்டியின் மேல் தேவைக்கு மேற்பட்ட உயரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள். அதோடு, கற்களின் மேல் ஏறும்போது பின் சக்கரம் தரையை ஒட்டி ஓடாமல் துள்ளிக்கொண்டும் இருக்கும்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். பின் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின் ஆக்சிலின் (சக்கர அச்சின்) மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே சட்டத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும். பிறகு வண்டியைத் தரையில் நிமிர்த்திப் பிடித்து, அதன் சொந்த எடையில் நிற்கும்போது அதே தூரத்தை அளக்க வேண்டும். கடைசியாக நீங்கள் பூட்ஸ், ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் அணிந்து ஏறி, இரு கால்களையும் ஃபுட் ரெஸ்ட்டில் வைத்து உட்கார்ந்திருக்க, ஒருவர் முன்னாலிருந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் வண்டியை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டால் சஸ்பென்ஷன் இறுக்கம் விட்டுத் தன் இயல்பான நிலைக்கு வந்துவிடும். இந்த மூன்று அளவுகளையும் இங்கே எழுதுங்கள்; மேற்கொண்டு பேசலாம்.

லோயரிங் லிங்க் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லிங்க்கை மட்டும் மாற்றிப் பின்பக்கத்தை 30 மி.மீ. இறக்கினால், முன்பக்கம் பழைய உயரத்திலேயே நிற்பதால், வண்டி பின்னோக்கிச் சரிந்து நிற்கும். இரு சக்கர மையங்களுக்கும் இடையிலான 1510 மி.மீ. வீல்பேஸுக்கு அந்த 30 மி.மீ. ஏறக்குறைய ஒரு பாகைச் சாய்வு. முன் சக்கரத்தின் மேல் எடை குறைந்து, ஏற்றத்தில் ஹேண்டில் மிதப்பதுபோல் ஆகிவிடும். ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். இதைச் சரிக்கட்ட முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். அப்படி ஏற்றும்போது ஃபோர்க் முழுவதும் அமுங்கினாலும் டயர் மேலே எதிலும் இடிக்காது என்பதைச் சரிபார்த்த பிறகுதான் போல்ட்டுகளை முறுக்க வேண்டும். பின்பக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. லிங்க் மாறும்போது ஷாக் அப்சார்பரின் நீளம் மாறுவதில்லை, ஆனால் சக்கரம் சட்டத்தை நோக்கி நெருங்கி வந்துவிடுகிறது. ஆகவே பெரிய பள்ளத்தில் விழுந்து ஷாக் முழுவதும் அமுங்கும் தருணத்தில் டயர் உள் மட்கார்டில் உரசக்கூடும். சைடு ஸ்டாண்டும் நீளமாகிப்போகும்: வண்டி போதிய அளவு சாயாமல் நிமிர்ந்து நின்று, இலேசான காற்றுக்கோ கைபட்டாலோ மறுபக்கம் விழும். லிங்க் போட்டால் ஸ்டாண்டை வெட்டி வெல்டிங் செய்வதும் அதே வேலையில் சேர்ந்ததே. மெக்கானிக் சொன்ன அரை நாள் இவற்றையெல்லாம் சேர்த்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பதுளை_தேயிலைப்பாதை எழுதியது:

வணக்கம். நான் இலங்கையின் மலையகத்தில், தோட்டப் பாதைகளில் யமஹா செரோ என்ற இலகுவான மலைப்பாதை வண்டி ஓடுகிறவன். என் உயரமும் ஏறத்தாழ உங்களுடையதுதான் என்பதால் உரிமையோடு எழுதுகிறேன்.

செரோ 1985இல் ஜப்பானில் வெளிவந்தபோதே, மலைப்பாதையில் ஓடுபவர் இரு கால்களையும் ஊன்றி, உந்தி உந்தி நகர்வதையும் ஓட்டத்தின் ஒரு பகுதியாகக் கருதித்தான் அதை வடிவமைத்தார்கள். இருக்கை உயரம் 810 மி.மீ. உங்கள் இருக்கையைவிட அது 5 மி.மீ. கூடுதல் என்பதைக் கவனியுங்கள். இருந்தும் எனக்குக் கால் எட்டுவதற்குக் காரணம், அதன் இருக்கை முன்பக்கம் மிக ஒடுங்கியிருப்பதும், சஸ்பென்ஷன் மென்மையாக இருப்பதும்தான். இருக்கை அகலமாக இருந்தால் கால் நேராகக் கீழே இறங்காமல் பக்கவாட்டில் வளைந்து இறங்க வேண்டியிருக்கிறது. அந்த வளைவிலேயே கணிசமான நீளம் போய்விடுகிறது.

ஆகையால் இருக்கையின் உயரத்தைக் குறைக்கும் முன் அதன் முன் விளிம்புகளைச் சீவி ஒடுக்கிப் பாருங்கள். தொடையின் உட்பக்கம் படும் இடத்தில் இரு புறமும் ஒரு விரற்கடை ஸ்பொஞ்சைச் சரிவாக எடுத்தாலே வித்தியாசம் தெரியும். நடுவில் குழி விழும்படி வெட்டிவிட வேண்டாம். குழிக்குள் உட்கார்ந்துவிட்டால் ஏற்றத்தில் முன்னால் நகரவும் இறக்கத்தில் பின்னால் நகரவும் முடியாது. இருந்து எழுந்து நிற்பதும் கடினமாகும். உறையைத் திரும்பப் போடும்போது வழுக்காத துணியைக் கேளுங்கள்.

எடை குறைந்த இன்னொரு வண்டியை மலைக்கென்று வைத்துக்கொள்ள வசதியிருந்தால், என் மனம் அதைத்தான் சொல்லும். 196 கிலோவை ஈரமான களிமண்ணில் நிமிர்த்துவது உயரமானவருக்கும் பெரும்பாடு.

செம்மண்_தடம் எழுதியது:

இரண்டாவது வண்டி வாங்கும் யோசனை எல்லோருக்கும் பொருந்தாது. கையில் இருக்கும் வண்டியைக் கொண்டே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

உயரம் குறைந்த பெண்களுக்கும் ஆண்களுக்கும் மண் பாதையில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில் அழுத்தமாகச் சொல்கிறேன்: இரண்டு பாதங்களும் தட்டையாகத் தரையில் பட வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரு பக்கமும் விரல் நுனியில் நிற்பதைவிட ஒரு பக்கம் முழுப் பாதத்தையும் ஊன்றி நிற்பது எத்தனையோ மடங்கு உறுதியானது. நிற்கப் போகும்போது இடது தொடை இருக்கையின் விளிம்புக்கு வரும்படி இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி, இடது காலை ஊன்றி, வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கும்படி பழகுங்கள். ஏற்றத்தில் முன் பிரேக்கை மட்டும் நம்பினால், எடையெல்லாம் பின்னால் போய்விடுவதால், முன் சக்கரம் பூட்டிக்கொண்டே வண்டி பின்னோக்கி வழுக்கிவரும். பின் பிரேக்தான் அங்கே வண்டியை நிறுத்தும். அதற்கு வலது கால் ஓய்வாக இருக்க வேண்டும்.

அடுத்தது, நிற்கும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுப்பது. நீர் அரித்த பாதையில் இடப்பக்கம் மேடாக இருக்கும் இடத்தைப் பத்து மீட்டர் முன்பே கண்ணால் குறித்துக்கொண்டு அங்கே போய் நில்லுங்கள். மேடு வலப்பக்கம்தான் இருக்கிறது என்றால் வலது காலை ஊன்றியும் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், சமதரையில் இரு பக்கமும் பழகுவது நல்லது. பள்ளமான பக்கம் வண்டி சாயத் தொடங்கிவிட்டால் தாங்கிப் பிடிக்க முயலாமல், ஹேண்டிலை விட்டு விலகி இறங்கிவிடுங்கள். முழங்காலும் தோளும் காயப்படுவது பெரும்பாலும் அந்தப் பிடிவாதத்தில்தான்.

ரைசர் உங்களுக்கு வேண்டாம். நின்றுகொண்டு ஓட்டும்போது குனிய வேண்டியிருக்கும் உயரமானவர்களுக்கானது அது. உங்களுக்கு ஹேண்டில்பார் ஏற்கெனவே உயரமாகவும் எட்டத்திலும் இருக்கக்கூடும். கிளாம்ப்பைத் தளர்த்தி அதைச் சற்றே உங்கள் பக்கமாக உருட்டி, ஃபுட் ரெஸ்ட்டில் எழுந்து நின்று முழங்கைகள் மடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். நீட்டிய கையோடு நின்றால் ஒவ்வொரு குலுக்கலும் ஆக்சிலரேட்டரைத் திருகிவிடும். பிறகு, நின்ற நிலையில் மணிக்கட்டு நேராக இருக்கும்படி கிளட்ச், பிரேக் லீவர்களைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். பூட்ஸ் கடினமாக இருந்தால் கியர் லீவரை ஒரு பல் மேலே மாற்றிப் பொருத்த வேண்டியிருக்கும்.

கல்வராயன்_மலைப்பாதை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் சொன்ன முறையில் அளந்துவிட்டேன். சக்கரம் தொங்கும்போது 610 மி.மீ., வண்டி தன் எடையில் நிற்கும்போது 588, நான் முழு உடுப்போடு உட்கார்ந்தபோது 564. அதாவது என் எடையோடு 46 மி.மீ. மட்டுமே அமுங்குகிறது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் பிரீலோடைக் கடைசிவரை தளர்த்தியபோது கடைசி இரண்டு அளவுகளும் முறையே 572, 548 என்று ஆகின்றன. கால் ஊன்றும்போது வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. இதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

கோவை_ஸ்பிரிங் எழுதியது:

மிக ஒழுங்காக அளந்திருக்கிறீர்கள். உட்கார்ந்தபோது 62 மி.மீ. என்பது நமக்கு வேண்டிய அளவுதான். பின் ஆக்சிலில் 16 மி.மீ. இறங்கினால், இருக்கை ஆக்சிலுக்கு முன்னால் இருப்பதால், நீங்கள் உட்காரும் இடத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் கிடைத்தது அது.

ஆனால் இன்னொரு எண்ணைக் கவனியுங்கள். வண்டி தன் சொந்த எடையிலேயே 38 மி.மீ. அமுங்கிவிடுகிறது. 200 மி.மீ. அசைவுள்ள வண்டிக்கு இது 20 முதல் 27 மி.மீ. வரை இருந்தால் போதும். ஆளோடு சரியாக அமுங்கியும் தனியே நிற்கும்போது மிகையாக அமுங்கினால், ஸ்பிரிங் உங்கள் எடைக்குக் கடினமானது என்று பொருள். பலரும் இதை நேர்மாறாக, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று புரிந்துகொண்டு இன்னும் கடினமான ஸ்பிரிங்கை வாங்கிவிடுகிறார்கள். உங்கள் எடைக்கேற்ற மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டு, அதற்குரிய பிரீலோடு கொடுத்தால், உட்காரும் உயரம் இப்போது கிடைத்ததே நீடிக்கும். பின் சக்கரமும் கற்களின் மேல் தரையைப் பிடித்து ஓடும். முன் ஃபோர்க்கையும் இதே முறையில் அளந்து பாருங்கள். அங்கே பிரீலோடு திருகும் வசதி இல்லை என்பதால், அமுங்குவது குறைவாக இருந்தால் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும். அதுவரை ஃபோர்க் குழாயை கிளாம்ப்பில் 5 மி.மீ. ஏற்றிக்கொண்டால் முன்னும் பின்னும் ஒத்துப்போகும். அதை ஏற்றும் நாளில் நானே கூட இருந்து பார்க்க விரும்புகிறேன்.

ஸ்பிரிங்குக்குப் பிறகு, பதுளை நண்பர் சொன்னபடி இருக்கையை ஒடுக்குங்கள். சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் ஜி.பி. ரோட்டில் குஷன் வேலை செய்யும் கடைகள் நிறைய இருக்கின்றன. கடையிலேயே வண்டியில் உட்கார்ந்து பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவச் சொல்லுங்கள். பூட்ஸ் அணிந்தே போங்கள், ஏனெனில் அடித்தோலின் கனமும் கணக்கில் சேரும்.

இவை முடிந்தும் இன்னும் இறக்க வேண்டும் என்று தோன்றினால், லிங்க்கை விட்டுவிட்டு, ஷாக்கையும் ஃபோர்க்கையும் பிரித்து உள்ளே ஸ்பேசர் வைத்து இரண்டையும் சம அளவில் குட்டையாக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். செலவு கூடும், சக்கர அசைவில் சிறு பகுதி குறையும். ஆனால் முழுவதும் அமுங்கும் நிலை மாறாது என்பதால் டயர் எங்கும் இடிக்காது, சாய்வும் கெடாது. எந்த வழியில் இறக்கினாலும் தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையிலான 230 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸில் அந்த அளவு குறையத்தான் செய்யும். கல்வராயன் பாதையில் என்ஜினுக்கு அடியில் இருக்கும் தகட்டில் இப்போதே எவ்வளவு கீறல் விழுந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு அந்த முடிவை எடுங்கள்.