விடுமுறைக்கு வருகிறவர்களும் பருவத்துக்கு வருகிறவையும்

ஆனைமலைக்கும் ஆழியாற்றுக்கும் இடையில் எங்களுக்கு நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதிலுள்ள பழைய சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை, செப்பனிட்டு, 2017-ஆம் ஆண்டிலிருந்து இரண்டு அறைகளை மட்டும் வெளியாட்கள் தங்குவதற்கு விட்டுவருகிறோம். மீதி வீட்டில் நான், என் கணவர், எழுபத்தெட்டு வயதான மாமியார் ஆகியோர் குடியிருக்கிறோம்; கோவையில் படிக்கும் மகள் சனி, ஞாயிறுகளில் வந்துபோவாள். இதுபோலத் தோட்டத்தில் ஆட்களைத் தங்கவைக்க நினைக்கும் சிலர் எங்கள் அனுபவத்தைக் கேட்டிருந்தார்கள். எங்களுக்கு நேர்ந்த சிரமங்களில் பெரும்பாலானவை வந்தவர்களால் நேர்ந்தவை என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்து நாட்காட்டியும் தோட்டத்து நாட்காட்டியும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை என்பதுதான் நாங்கள் கண்டது.

இதைத் தொடங்கியதே வெள்ளை ஈயால்தான். 2016-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓராண்டுக்குள் எங்கள் 240 மரங்களிலும் ஏறிவிட்டது. அது சுரக்கும் தேன் போன்ற கழிவின்மேல் கரும்பூசணம் படர்ந்து, கீழ்மட்டைகள் எல்லாம் அடுப்புக்கரி பூசியதுபோல் ஆகிவிட்டன. காய் குறைந்தது. அந்த வருமானத்தை வேறு எதனாலாவது ஈடுசெய்ய வேண்டியிருந்தது. இந்த ஈ வறட்சியான மாதங்களில் பெருகி, நல்ல மழை அடித்தால் குறையும். ஆகவே சித்திரை, வைகாசியில், அதாவது ஊரெல்லாம் விடுமுறையில் இருக்கும்போது, எங்கள் தோப்பு ஆண்டிலேயே மிகவும் அழகு குன்றிய நிலையில் நிற்கும். "தோப்பில் தீப்பிடித்ததா?" என்று கேட்டவர்கள் பலர். ஈயைப் பிடிப்பதற்காக மரத்துக்கு மரம் கட்டியிருந்த மஞ்சள் ஒட்டுப்பொறிகளைப் பார்த்துவிட்டு, யாருக்கோ பிறந்தநாள் என்று எண்ணிக் கைதட்டிய ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு. அதில் ஒன்று அவள் தலைமுடியில் ஒட்டிக்கொண்டதை என் மாமியார் தேங்காய் எண்ணெய் தடவி எடுத்துவிட்டார்.

தண்ணீர்தான் பெரிய கதை. தோட்டத்துக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் வண்டியிலிருந்து இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "மோட்டார் போடுவீங்களா?" என்பதாகும். பம்புசெட்டுத் தொட்டியில் குளிக்க வேண்டும் என்ற ஆசையில் தவறேதும் இல்லை. ஆனால் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனப் பரப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்துத் தண்ணீர் விடப்படுவதால், எல்லா ஆண்டும் எல்லா மடைக்கும் தண்ணீர் வந்துவிடாது. வராத ஆண்டின் கோடையில் சுற்றுவட்டாரக் கிணறுகளும் ஊற்றுக் குறைந்துபோகும். சொட்டுநீரில் பாய்ச்சினாலும் கோடையில் ஒரு தென்னைக்கு நாளொன்றுக்கு 80 லிட்டராவது விடுகிறோம். 240 மரங்களுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய இருபதாயிரம் லிட்டர். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் அதை இறைத்தாக வேண்டும். முக்கால் மணி நேரம் ஓடியதும் மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும். நிறுத்திவிட்டு ஊறும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்படியொரு சித்திரையில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம் வந்தது. தொட்டியில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லாததைப் பார்த்துவிட்டு, குடும்பத் தலைவர் தம் அலைபேசியில் எங்கள் விளம்பரப் படத்தைக் காட்டினார். அதில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பின்னால் மலையில் மேகம் இறங்கியிருந்தது. "இது எந்த ஊர் தோட்டமுங்க?" என்று அவர் அமைதியாகக் கேட்டார். அந்தப் படம் ஆடி மாதத்தில் எடுத்தது. எங்களிடம் பதில் இல்லை. அன்று மரங்களுக்குப் போக வேண்டிய தண்ணீரை என் கணவர் தொட்டிக்குத் திருப்பிவிட்டார். குழந்தைகள் அரை மணி நேரம் ஆடினார்கள். அந்தத் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்து கிழக்குப் பாத்தியில் சேர்த்தோம். மறுவாரமே படத்தை மாற்றிக் கோடைத் தோப்பின் படத்தைப் போட்டோம். அந்த ஆண்டு கோடையில் வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பழைய படத்தை நாங்கள் திரும்பப் போடவில்லை.

என் மாமியாருக்கு இந்தத் தொழிலே இன்னும் விளங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வருகிறவர்களை அவர் ஒரம்பரை, அதாவது உறவுக்கார விருந்தாளி, என்றுதான் அழைப்பார். ஒரம்பரை நோம்பிக்கு (பண்டிகைக்கு) வரும், இரண்டு நாள் இருக்கும், போகும்போது தேங்காயோ பருப்போ கொடுத்தனுப்ப வேண்டும். அவர் அறிந்த முறை அதுதான். முதல் மாதம் நான் சாப்பாட்டுக்குத் தனியாகப் பட்டியல் போட்டதைப் பார்த்துவிட்டு, "சோத்துக்குக் கணக்கு எழுதறதுக்கு இதென்ன ஓட்டலா கண்ணு?" என்று கேட்டு, அன்றிரவு சாப்பிடாமலே படுத்துவிட்டார். அதன்பிறகு அறை வாடகையைச் சற்றுக் கூட்டி, சாப்பாட்டுப் பட்டியலை நீக்கிவிட்டோம். கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அவர் மறுநாளிலிருந்து அடுப்படிக்கு வந்து, அரிசியும் பருப்பும் சாதத்துக்கு நெய் ஊற்றுவதைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். தையில் தங்கிய ஒருவர் பச்சை மொச்சைக் குழம்பை நினைவில் வைத்துக்கொண்டு மே மாதத்தில் வந்து கேட்டபோது, "அது தையில வர்ற ஒரம்பரைங்க, சித்திரைக்கு வராது" என்று அவர்தான் பதில் சொன்னார்.

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்துவிடும். எங்கள் பக்கம் அது சாரலையும் கூட்டிக்கொண்டு வரும். உடுமலை தாண்டிக் கிழக்கே போகப்போக ஈரம் குறைந்து வெறும் காற்றாகி, காற்றாலைகளைச் சுற்றிவிட்டுப் போகும். ஆழியாறு நிறைவதும், மரங்களின் கருமை கழுவப்பட்டுக் குருத்து தெரிவதும், மலை முழுவதும் அருவி இறங்குவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் பள்ளிகள் திறந்துவிடுவதால் எங்கள் இரண்டு அறைகளும் பூட்டியே கிடக்கும். ஆடியில் வந்த மிகச் சிலரில் ஒருவருடைய காரின் முன்கண்ணாடி, நள்ளிரவில் காய்ந்த மட்டை ஒன்று விழுந்து நொறுங்கியது. மரத்தடியில் நிறுத்தவேண்டாம் என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கண்ணாடிக்கான செலவை நாங்களே ஏற்றோம். அம்மியே நகரும் காற்றில் மட்டை எம்மாத்திரம் என்று இப்போது சிரிக்கிறோம், அன்று சிரிக்கவில்லை.

புரட்டாசி, ஐப்பசியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. காலாண்டு விடுமுறைக்கு வரும் குழந்தைகள், மயிலுக்கு ஏன் தோகை இல்லை என்று கேட்பார்கள். மழைக்காலம் முடியும்போது அது உதிர்ந்து மீண்டும் முளைக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். தீபாவளிக்கு வருகிறவர்களின் வண்டி இட்டேரியின் (வேலிகளுக்கு நடுவில் வரும் மண்பாதையின்) சேற்றில் சிக்கும். டிராக்டரை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

பொங்கல் மட்டும்தான் இரண்டு நாட்காட்டிகளும் சந்திக்கும் இடம். அதிலும் சிக்கல் வந்தது. 2019 பொங்கலுக்குச் சென்னையிலிருந்து பெற்றோரும் ஒரு சிறுமியும் வந்திருந்தார்கள். பட்டிப் பொங்கலன்று (மாட்டுப் பொங்கல்), மாடு கட்டும் கட்டுத்தரையில் சாணத்தால் கரை கட்டிச் சிறிய தெப்பக்குளம் அமைத்து, தண்ணீர் ஊற்றி, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் இட்டு, பூசை முடிந்ததும் மாட்டை அதில் மிதித்துக் கடக்கவிடுவது எங்கள் வழக்கம். அணையைப் பார்க்கப் போனவர்கள், தாங்கள் திரும்பும்வரை காத்திருக்கும்படியும், காணொளி எடுக்க வேண்டும் என்றும் அலைபேசியில் கேட்டுக்கொண்டார்கள். மாமியார் காத்திருக்கவில்லை. அவர்கள் வந்து சேர்ந்தபோது குளம் மிதிபட்டுக் கலங்கியிருந்தது. இன்னொரு முறை செய்து காட்ட முடியுமா என்று அந்தத் தாய் மிகுந்த தயக்கத்தோடு கேட்டார். மாமியார் சிறுமியின் கன்னத்தைத் தொட்டு, "அடுத்த வருசம் இதே நாள் வா சாமி, மறுபடி செய்வோம்" என்றார். அடுத்த ஆண்டு அவர்கள் வரவில்லை. ஆனால் பட்டிப் பொங்கல் மாலையில் அலைபேசி ஒலித்தது. மாடு குளத்தை மிதித்துவிட்டதா என்று அந்தச் சிறுமி என் மாமியாரிடம் கேட்டாள்.

* * *

காங்கேயத்துக்குக் கிழக்கே இருக்கும் ஒருவர் எழுதியது:

ஆனைமலைச் சகோதரி எழுதியதைப் படித்ததும், எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், நடந்த ஒன்றைச் சொல்லத் தோன்றியது. எங்களுடையது வானம் பார்த்த பூமி. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரங்கள், நடுவில் கொழுக்கட்டைப் புல். இந்தப் புல் ஐப்பசி மழைக்குப் பிறகுதான் பார்க்க அழகாக இருக்கும். சித்திரையில் வருகிறவர்கள், ஏன் நிலத்தை இப்படிப் பொட்டலாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். எங்களுக்கு அந்த மாதத்தில் ஒரே ஆறுதல், வெள்ளக்கோவில் பக்கத்துக் கண்ணபுரத்தில் கூடும் மாட்டுச் சந்தை. வந்தவர்களை அங்கே அழைத்துப்போய், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைக் காட்டினால் அன்றைய பொழுது போய்விடும்.

ஒரு பங்குனியில் எங்கள் பசு கன்று ஈன்றது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மை நிறத்தில்தான் இருக்கும். சித்திரையில் வந்து தங்கிய ஈரோட்டுக்காரர் ஒருவர், தாய் வெள்ளையாக இருக்கக் கன்று எப்படிச் செவலையாகும், இது கலப்பினம்தானே என்று என்னிடம் வாதிட்டார். அவர் மகனுக்கோ அந்தக் கன்றைவிட்டுப் பிரிய மனமில்லை. புரட்டாசியில் காலாண்டு விடுமுறைக்கு அவர்கள் மீண்டும் வந்தார்கள். இறங்கியவுடன் கட்டுத்தரைக்கு ஓடிய பையன், செவலைக் கன்று இல்லாததைக் கண்டு, விற்றுவிட்டீர்களா என்று அழ ஆரம்பித்துவிட்டான். ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பல் நிறமாகிவிட்ட அதே கன்று அவன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் சித்திரையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, வலது காது மடலில் இருந்த சிறு கிழிசலைக் காட்டிய பிறகுதான் அழுகை நின்றது. அப்பாவும் அந்தக் காதைக் குனிந்து பார்த்தார். கலப்பினம் பற்றி அவர் மீண்டும் பேசவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

* * *

திருப்பூரிலிருந்து ஒருவர் எழுதியது:

நான் தோட்டம் வைத்திருப்பவள் அல்லள், தங்கப் போகிறவள். பிறந்தது கரூர்ப் பக்கம், அமராவதிக் கரை. ஆடி முதல் நாள் எங்கள் ஊரில் தேங்காய் சுடும் நோம்பி. தேங்காயின் நாரைச் சுத்தமாகத் தேய்த்தெடுத்து, கண்ணைத் திறந்து, கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டு, பாசிப்பருப்பு, எள், அவல், வெல்லம் ஆகியவற்றை உள்ளே இட்டு, கூராகச் சீவிய அழிஞ்சில் குச்சியைச் செருகித் தீயில் வாட்டுவார்கள். ஓடு வெடிக்கும் பதத்தில் எடுத்துப் பிள்ளையாருக்குப் படைத்த பிறகு உடைத்துத் தின்பது. பனியன் கம்பெனி வேலையில் எங்களுக்குக் கிடைக்கும் நீண்ட விடுமுறை தீபாவளியும் பொங்கலும்தான் என்பதால், என் பிள்ளைகள் இதைப் பார்த்ததே இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் துணிந்து, ஒரு வேலைநாளில் பிள்ளைகளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கரூர் அருகே ஒரு சிறிய தோட்டத்தில் போய்த் தங்கினோம். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதச் சொன்னார் என் கணவர். பொய் சொல்லி நோம்பி கொண்டாட வேண்டுமா என்று, தேங்காய் சுடுவதற்காக என்றே எழுதினேன். ஆசிரியை அதில் கையெழுத்திட்டு அனுப்பியதோடு, எங்களுக்கு ஒன்று கொண்டுவாருங்கள் என்று அடியில் எழுதியிருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தோம், பாதி கருகியிருந்தது. அந்தத் தோட்டத்து வீட்டில் அன்று எங்களைத் தவிர வேறு விருந்தினர் இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு என் பிள்ளைகளும் புளிய மரத்துத் தூரியில் (ஊஞ்சலில்) இருட்டும்வரை ஆடினார்கள்.

ஆனைமலைச் சகோதரிக்கு ஒரு கேள்வி. நாங்கள் ஆடியில் வந்தால் தொட்டி நிறைந்திருக்குமா? எத்தனை நாள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்?

* * *

ஆனைமலையிலிருந்து மறுமொழி:

நல்ல சாரல் விழுந்த ஆண்டென்றால் ஆடி பத்துக்கு மேல் தொட்டி நிறைந்திருக்கும். சாரல் பொய்த்த ஆண்டில் அதற்கு நான் உறுதி சொல்ல இயலாது. இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும், அறைகள் பூட்டித்தான் இருக்கும். குளிர்ந்த காற்று என்பதால் பிள்ளைகளுக்குக் கம்பளி கொண்டுவாருங்கள். அழிஞ்சில் குச்சி எங்கள் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை. கரூரிலிருந்து நான்கைந்து எடுத்துவந்தால் இங்கேயே சுடலாம், தேங்காய்க்குப் பஞ்சமில்லை. மாமியாரிடம் இதை வாசித்துக் காட்டினேன். ஆடிக்கு வருகிறவர்கள்தான் சொல்லிக்கொண்டு வரும் ஒரம்பரை என்றார். வண்டியைக் களத்தில் நிறுத்துங்கள். மரத்தடி வேண்டாம்.