0.43 புள்ளித் தங்கம்: சாவ்செங்கோவுக்கு யாரும் தானம் போடவில்லை

பாலாற்றங்கரை:
வேலூர் பளுதூக்கும் குழுவில் நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. "ஜோடி ஸ்கேட்டிங்கில் ஆண் தூக்குகிறான், பெண் கையை விரித்துச் சிரிக்கிறாள். 0.43 புள்ளியில் வந்ததெல்லாம் தங்கமா?" என்கிறார். பனித்தளத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் அந்த ஜோடி ஸ்கேட்டிங்கில் அல்யோனா சாவ்செங்கோ ஐந்து ஒலிம்பிக் ஆடியவர். 2002இல் உக்ரைனுக்கு, அடுத்த நான்கும் ஜெர்மனிக்கு. ராபின் ஷோல்கோவியுடன் ஐந்து உலகப் பட்டம், வான்கூவரிலும் சோச்சியிலும் வெண்கலம். ஷோல்கோவி விலகியதும் சாவ்செங்கோ 30 வயதில் புருனோ மாசோவோடு முதலிலிருந்து தொடங்கினார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கும்போது வயது 34.

சத்துவாச்சாரி பளு:
எழுதியது நான்தான், மாற்ற மாட்டேன். எங்கள் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் இரண்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். கோல்ட் கோஸ்டில் மொத்தம் 317 கிலோ. மேடையில் தனி ஆள். எடை ஏறியதா இல்லையா, அவ்வளவுதான். 0.43 எல்லாம் நடுவர் மனசு.

பாலாற்றங்கரை:
சதீஷை யார் குறை சொன்னார்கள்? கணக்கைப் பாருங்கள். முதல் நாள் ஆட்டமான ஷார்ட் புரோகிராமில், மூன்று சுற்று சுற்றவேண்டிய சால்கோ என்ற தாவலை மாசோ இரண்டில் முடித்தார். சீன ஜோடி சூய், ஹான் 82.39 புள்ளி. இவர்கள் 76.59, நான்காம் இடம். மறுநாள் ஃப்ரீ ஸ்கேட் என்ற நீண்ட ஆட்டத்தில் 159.31, அன்றைக்கு அது உலக சாதனை. மொத்தம் 235.90, சீனர்கள் 235.47. தூக்குகிறவன்தான் எல்லாம் என்றால், முதல் நாள் பிசகியது யார்?

சத்துவாச்சாரி பளு:
235.47க்கும் 235.90க்கும் நடுவில் எவ்வளவு? 0.43. நானும் அதைத்தானே சொன்னேன்.

ஆம்பூர் அக்கா:
தம்பி, 'த்ரோ' பார்த்திருக்கிறீர்களா? அவன் வீசுவதோடு அவன் வேலை முடிகிறது. காற்றில் மூன்று சுற்று சுற்றி, ஒற்றைக் காலில், பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே இறங்குவது அவள். அங்கே எந்தக் கையும் பிடிக்காது. என் மகள் ரோலர் ஸ்கேட்டில் ஒரு சுற்றுக்கே முட்டி பேர்ந்து வருகிறாள்.

ராணிப்பேட்டைவாசி:
எல்லாம் சரி, அது ஜெர்மனி தங்கமா முதலில்? சாவ்செங்கோ உக்ரைன்காரர். மாசோ பிரெஞ்சுக்காரர், 2017 கடைசியில்தான் ஜெர்மன் குடியுரிமை கிடைத்தது. விலைக்கு வாங்கிய ஜோடி.

பாலாற்றங்கரை:
அண்ணே, நீங்கள் பிறந்தது வட ஆற்காடு. அப்புறம் வேலூர் மாவட்டம். 2019லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். உங்களை யார் விலைக்கு வாங்கினார்கள்? ஜெர்மனியின் கெம்னிட்ஸில் இங்கோ ஸ்டோயரிடம் பத்து வருஷத்துக்கு மேல் பயிற்சி எடுத்தவர் சாவ்செங்கோ. எந்த ஊர் உழைப்போ அந்த ஊர்த் தங்கம்.

ராணிப்பேட்டைவாசி:
மாவட்டத்தைப் பிரித்தது அரசாங்கம், நான் எங்கும் போகவில்லை. அவர் தானாகப் போனார். முன்பு இங்கே நடந்த கபடி விவாதத்திலும் இப்படித்தான் மாவட்டத்தை இழுத்துவிட்டுப் பாதியில் காணாமல் போனீர்கள்.

பாலாற்றங்கரை:
கபடியில் நான் ஓடவில்லை, உங்களிடம் பதில் இல்லை. அந்த இழையை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சத்துவாச்சாரி பளு:
கபடி கிடக்கட்டும். சீன ஜோடி இரண்டாம் நாள் தாவலில் பிசகாமல் இருந்தால்? அந்த 0.43 எங்கே போயிருக்கும்?

பாலாற்றங்கரை:
மாசோ முதல் நாள் பிசகாமல் இருந்தால் வித்தியாசம் 0.43இலா நின்றிருக்கும்? அதே வருஷம் மிலானில் உலகப் பட்டமும் இவர்களுக்குத்தான், சாவ்செங்கோவுக்கு அது ஆறாவது. அதற்கும் நடுவர் மனசுதான் காரணமா?

ஆம்பூர் அக்கா:
நான் கேட்ட த்ரோவுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சத்துவாச்சாரி பளு:
மிலானை நான் கேட்கவே இல்லை அக்கா. பியோங்சாங், 0.43. அதை மட்டும் பேசச் சொல்லுங்கள் அவரை.

பாலாற்றங்கரை:
அதைத்தான் காலையிலிருந்து பேசுகிறேன். முதல் நாள் சீனர்களுக்கு 5.80 புள்ளி பின்னாலிருந்து வந்த 0.43 அது. முதலில் அந்த 5.80க்குப் பதில் சொல்லுங்கள்.