பள்ளி மலர் சான்றாகுமா?

கடற்கரையான், டர்பன்:
எங்கள் பள்ளியைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதிய கட்டுரையில் பாதியை நீக்கிவிட்டார்கள். தோட்டத்துச் சனங்கள் காசு சேர்த்து, செங்கல் சுமந்து கட்டிய கதைக்குச் சான்று இல்லையாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இந்தியப் பிள்ளைகளின் பள்ளிகள் பலவற்றை ஊர்மக்கள்தான் எழுப்பினார்கள். அரசு கொடுத்தது மானியம் மட்டுமே. அன்றைய வெள்ளைக்காரப் பத்திரிகைகளா எங்களைப் பற்றி எழுதியிருக்கும்?

மீனா, செட்ஸ்வர்த்:
நீக்கியது நான்தான் அண்ணா. 'மாகாணத்திலேயே தலைசிறந்த பள்ளி', 'தன்னலமற்ற தலைமையாசிரியர்' என்றெல்லாம் அதே பத்தியில் இருந்தது. எல்லாவற்றுக்கும் பள்ளி வெளியிட்ட விழா மலர் ஒன்றே ஆதாரம். தொடங்கிய ஆண்டு, முகவரி, வகுப்புகள், இவற்றுக்கு மலர் போதும். பள்ளி தன்னைத்தானே புகழ்ந்துகொண்டதைக் கலைக்களஞ்சியத்தில் ஏற்ற முடியாது.

கடற்கரையான்:
புகழ்ச்சியை எடு, நான் தடுக்கவில்லை. கட்டிய கதையை ஏன் எடுத்தாய்? 1929-இல் திறந்த சாஸ்திரி கல்லூரியைப் பற்றி எழுத ஆள் உண்டு, இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சீனிவாச சாஸ்திரியின் பெயர் அதில் இருக்கிறதே. கரும்புக் காட்டுக்குள் இருந்த தகரக் கொட்டகைக்கு யார் இருக்கிறார்கள்? என் அப்பா செங்கல் சுமந்தார் தங்கச்சி.

நூலகத்துக்காரர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
1903 முதல் 1961 வரை இந்தியர்கள் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் வந்தது. 1940-இல் தொடங்கிய 'லீடர்' என்ற இந்தியர் இதழும் இருக்கிறது. கல்வித்துறையின் ஆண்டறிக்கைகளும் உண்டு. அவற்றைப் புரட்டாமல் சான்றே கிடையாது என்று சொல்லாதீர்கள்.

மீனா:
அண்ணா, அந்த மலர் 1970-களில் அச்சானது. இந்தியர் கல்வி அப்போது நிறவெறி அரசின் இந்திய விவகாரத் துறையின் கையில். அதனால்தான் மலரில் 'பள்ளி புதிய இடத்துக்கு மாறியது' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குழுப்பகுதிச் சட்டத்தால் அந்தத் தெருவே காலி செய்யப்பட்டது அதில் எங்கே இருக்கிறது? மலரையே நம்பினால் உங்கள் சனங்களுக்கு நடந்த கொடுமையும் மறைந்துபோகும். நடுநிலை என்றால் அதை மழுப்புவது இல்லை. யார், எந்தச் சட்டத்தால், எப்போது விரட்டினார்கள் என்று ஆதாரத்தோடு எழுதுவது.

கடற்கரையான்:
அது நியாயம். ஆனால் பெரியவர்கள் வாயால் சொல்வதற்கு மதிப்பே இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

மீனா:
மதிப்பு உண்டு. நீங்களே கேட்டு நேரே கட்டுரையில் போட்டால் படிப்பவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? பதிவுசெய்து பல்கலைக்கழக ஆவண மையத்துக்குக் கொடுங்கள். அதை வைத்து ஓர் ஆய்வாளரோ பத்திரிகையோ எழுதட்டும், அன்றைக்கு நானே சேர்க்கிறேன்.

கடற்கரையான்:
சொன்னவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். அந்தப் பத்தியைக் கட்டுரையோடு இருக்கும் பேச்சுப் பக்கத்திலாவது அப்படியே வை. பழைய 'லீடர்' இதழ்களை நான் பார்க்கிறேன்.