ஸ்லோப்: வேகம் ஏறியதும் பந்து பேச்சைக் கேட்பதில்லை. கோளாறு கணினியிலா, கையிலா?

உருள்பந்து:
வணக்கம். மடிக்கணினியில், குரோமில் ஸ்லோப் (சரிவில் பந்தை உருட்டிச் செல்லும் விளையாட்டு) விளையாடுகிறேன். தொடக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஸ்கோர் ஐம்பதைத் தாண்டி வேகம் ஏறியதும், இடது அம்பை அழுத்தினால் பந்து கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. திரும்பினாலும் நிற்காமல் போய் ஓரத்தில் விழுந்துவிடுகிறது. சிவப்புக் கட்டையில் மோதுவது அபூர்வம், விழுவதுதான் அதிகம். சார்ஜர் போடாத நேரத்தில் இன்னும் மோசம் என்று தோன்றுகிறது. பழகப் பழகச் சரியாகுமா, இல்லை வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

சட்டகம்:
சார்ஜர் பற்றிச் சொன்னீர்கள் பாருங்கள், அங்கிருந்தே தொடங்கலாம். குரோம் அமைப்புகளில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் எனர்ஜி சேவர் இருக்கும். பேட்டரி 20%க்கு இறங்கியதும், அல்லது சார்ஜரை எடுத்த உடனேயே, அது வேலை செய்யும்படி வைக்கலாம். வேலை செய்யத் தொடங்கினால் படத்தின் ஓட்டம் குறையும். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும், அதாவது ஒரு ஃப்ரேமுக்கு (ஒரு படத்துக்கு) 16.7 மில்லிசெகண்ட். நொடிக்கு 30 ஃப்ரேமாகக் குறைந்தால் அது 33 ஆகிவிடும். மெதுவான கட்டத்தில் இது தெரியவே தெரியாது, வேகம் ஏறியதும் குழி தோண்டும்.

அடுத்து ‘சிஸ்டம்’ பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் (படம் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும் வசதி) போட்டிருக்கிறதா பாருங்கள். ஸ்லோப் முப்பரிமாண விளையாட்டு. ஆக்ஸிலரேஷனை அணைத்து வைத்தால் மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். குரோமிலேயே இருக்கும், டைனோசர் கள்ளிகளைத் தாண்டிக் குதித்து ஓடும் டைனோ விளையாட்டைத் திறந்து ஸ்பேஸைத் தட்டுங்கள். அதற்குச் சுமையே இல்லை. டைனோ உடனே குதித்து, ஸ்லோப் மட்டும் இழுத்தால் கிராஃபிக்ஸ் பக்கம்தான் கோளாறு. டைனோவும் தாமதித்தால் விசைப்பலகையைச் சந்தேகப்படுங்கள். புளூடூத் என்றால் கம்பி உள்ளதை மாட்டிப் பாருங்கள். விண்டோஸில் ஃபில்டர் கீஸ் தெரியாமல் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்திப் பிடித்தாலே அதற்கான கேள்வி வந்துவிடும், பலர் பார்க்காமல் ‘யெஸ்’ கொடுத்துவிடுவார்கள். அது குறுகிய தட்டலை எல்லாம் விழுங்கிவிடும்.

வேகப்பிரியன்:
இதெல்லாம் எதற்கு? 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குங்கள், ஒரே நாளில் வித்தியாசம் தெரியும்.

சட்டகம்:
@வேகப்பிரியன் இப்போதைக்குக் காசு செலவழிக்க வைக்காதீர்கள் ப்ரோ. ஃப்ரேமுக்கு இவ்வளவு தூரம் என்று கணக்கு வைத்து எழுதிய சில பிரவுசர் விளையாட்டுகள் 144இல் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாக ஓடும். பழகிய கைக்கு அது புதுத் தலைவலி.

ஓரப்பார்வை:
கணினியைச் சரிசெய்தாலும் பாதிதான் தீரும் என்பது என் கருத்து. மோதாமல் விழுகிறீர்கள் என்றால், நீங்கள் விசையைத் தட்டவில்லை, அழுத்திப் பிடிக்கிறீர்கள். விரலை எடுத்த பிறகும் பந்து பக்கவாட்டில் போய்க்கொண்டேதான் இருக்கும். இடது பக்கம் ஒரு தட்டு தட்டியதும், அதை நிறுத்த வலது பக்கம் அதைவிடச் சின்னதாக ஒரு தட்டு. இந்த எதிர்த்தட்டு கைவந்துவிட்டால் ஓரத்தில் விழுவது குறைந்துவிடும்.

அப்புறம் கண். பந்தைப் பார்க்காதீர்கள், அது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். ஒன்றைப் பார்த்து விசையை அழுத்தவே மனிதனுக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் பந்து ஒரு கட்டையைக் கடந்திருக்கும். அடுத்த தளத்துக்கும் அப்பால் பார்வையை வையுங்கள். முதலில் ஸ்கோர் இறங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உருள்பந்து:
சோதித்துவிட்டேன். டைனோ உடனே குதிக்கிறது. ஆக்ஸிலரேஷன் அணைந்திருந்தது, போட்டுவிட்டு குரோமை மூடித் திறந்தேன். அந்த ‘யோசித்துத் திரும்புவது’ போய்விட்டது, மிக்க நன்றி. எதிர்த்தட்டும் பரவாயில்லை. ஆனால் ஒரு தளத்திலிருந்து கீழே உள்ள தளத்துக்கு இறங்கும்போது இன்னும் கோணலாகப் போய் விழுகிறேன்.

ஓரப்பார்வை:
விளிம்பைத் தாண்டிய பிறகு திருத்த நினைக்கிறீர்கள், அது தாமதம். விளிம்புக்கு முன்பே எதிர்த்தட்டு கொடுத்துப் பந்தை நேராக்கிவிடுங்கள். நடுவில்தான் இறங்க வேண்டும் என்றில்லை, நேராக இறங்கினால் போதும்.

பச்சைக்கிளி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு டைனோவில் இதே கதை. 700இல் திரை கறுப்பாக மாறுவதுகூடப் பழகிவிட்டது. அதற்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு கள்ளி வந்தால் முதலாவதைத் தாண்டி இரண்டாவதன் மேலேயே இறங்குகிறேன்.

ஓரப்பார்வை:
வேகம் கூடக் கூட ஒரே குதிப்பு அதிக தூரம் போகும். அதனால் கொஞ்சம் முன்கூட்டியே குதியுங்கள். கள்ளியைத் தாண்டியதும் காற்றில் இருக்கும்போதே கீழ் அம்பை அழுத்தினால் டைனோ சட்டென்று இறங்கும், அடுத்த குதிப்புக்கு நேரம் கிடைக்கும். தரையைத் தொட்டதும் கீழ் அம்பை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் குனிந்தபடியே ஓடும், ஸ்பேஸ் வேலை செய்யாது.