சீனியர்களுக்கு நடுவில் புது சென்டர்: லைனை அவன் கையில் எடுப்பது எப்படி?

ஸ்பிரிங்_15 கேட்டது:

அமெரிக்கன் ஃபுட்பால் பேசும் இடத்திலேயே ஆஃபென்சிவ் லைனைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது அபூர்வம். நடுவில் சென்டர், இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டாக்கிள்கள்: பந்தை எறியும் குவாட்டர்பேக்கைக் காக்கும் ஐவர் வரிசை அது. இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன்.

எஃப்பிஎஸ் மட்டத்துக் கல்லூரி அணி, அதாவது கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டம். பையனுக்கு 20 வயது. முதல் வருடம் 4 ஆட்டத்துக்கு மேல் இறக்காமல் ரெட்ஷர்ட் ஆக்கினார்கள், அதாவது அந்த வருடம் அவன் ஆடும் தகுதிக் கணக்கில் சேராது. போன சீசன் இடது கார்டுக்கு மாற்று. இந்த ஸ்பிரிங்கில் சென்டருக்கு மாற்றியாயிற்று. ஸ்னாப் (பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்குக்குப் பந்தைக் கொடுப்பது) சுத்தம், அடிவைப்பு நன்று, ஒற்றைக்கு ஒற்றை தோற்பதில்லை. சிக்கல் வேறு. லைன் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்ற அழைப்பை இவன்தான் கொடுக்க வேண்டும், ஆனால் குரலே எழும்புவதில்லை. இடது கார்டு ஐந்தாம் வருடம், வலது டாக்கிள் நான்காம் வருடம். இவன் 'லெஃப்ட்' என்றால் டாக்கிள் மேலே ஏறி 'ரைட்' என்கிறார். எதிரணி ஸ்டன்ட் (இருவர் இடம் மாறிப் பாய்வது) போட்டால் இரண்டுக்கு ஒன்று ஒழுகுகிறது.

ஸ்பிரிங்கின் 15 பயிற்சிகளில் 6 முடிந்துவிட்டன. மீதி 9-இல் எதைப் பிடிப்பது? ஆகஸ்டில் கேப்டன் தேர்வு வருகிறது, அதற்கு இவனைத் தயார் செய்யலாமா?

('call'-ஐக் கால் என்று எழுதினால் பாதமா என்று கேட்பார்கள் என்பதால் அழைப்பு என்றே எழுதுகிறேன்.)

---

ஜீரோ_டெக்னிக்:

தொண்டையை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். என்ன சொல்வது என்று மனதில் முடிவாகும் முன்பே ஸ்னாப் நெருங்கிவிட்டால் யாருக்கும் சத்தம் வராது. முனகல்தான் வரும்.

ப்ளே கிளாக், அதாவது அடுத்த ஸ்னாப்புக்கு உள்ள நேரம், 40 நொடி. 2024 முதல் எஃப்பிஎஸ் ஆட்டங்களில் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் பேசலாம், ஆனால் 15 நொடி மீதி இருக்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். அதற்கப்புறம் களத்தில் நிற்பவர்கள் பாடு. அதனால் சென்டர் 18-20 நொடி மீதி இருக்கும்போதே பந்தருகே வந்து நிற்க வேண்டும். 10 நொடியில் வந்து குனிந்தால் அவன் பார்ப்பது தன் எதிரே இருக்கும் நோஸ் டாக்கிளின் முழங்காலை மட்டும்தான்.

பந்தில் கை வைக்கும் முன் பார்வை முடிந்திருக்க வேண்டும், அதுவும் பின்னாலிருந்து முன்னால். முதலில் சேஃப்டி இருவர், எதிரணியின் கடைசிக் காவல். 12 யார்டில் நின்றவன் 8-க்கு நழுவி வருகிறான் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பாய்வதற்கு இடம் நிரப்ப வருகிறான், அல்லது அவனே பாயப் போகிறான். அடுத்து முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள், பாதம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று. கடைசியாகத்தான் முன்வரிசை: 3-டெக்னிக் (கார்டின் வெளித்தோளுக்கு எதிரே நிற்பவன்) எந்தப் பக்கம், நோஸ் சென்டரின் எந்தத் தோளில். புதுப் பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். முன்வரிசை கண்ணுக்கு எதிரே நிற்கிறது, அதனால் அங்கேயே பார்வை மாட்டிக்கொள்ளும்.

பிறகு மைக். சட்டை எண்ணைச் சொல்லி '54 மைக்' என்று கைகாட்டுவது நடு லைன்பேக்கரை அடையாளம் காட்டுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. லைன் ஐவர், எதிரே முன்வரிசை நால்வர், ஐந்தாவதாக நாங்கள் எடுத்துக்கொள்ளும் ஆள் இவன், மற்றவன் வந்தால் பின்னால் நிற்கும் ரன்னிங் பேக் பாடு என்று கணக்கு வைக்கும் புள்ளி அது. இந்தக் கணக்கு பையனுக்குத் தெளிவாக இருந்தால் எண்ணைச் சொல்வதில் தயக்கம் வராது. குவாட்டர்பேக் வேறு ஆளை மைக் என்று மாற்றினால் அதுதான் இறுதி. அவனிடம் வாதம் கூடாது.

சத்தம் பற்றி ஒரே ஒரு விஷயம். முன்னால் பார்த்துக் கத்தினால் எதிரணிக்குத்தான் கேட்கும். தலையை இடது பக்கம் திருப்பி ஒரு முறை, வலது பக்கம் திருப்பி ஒரு முறை. கார்டு வாங்கி டாக்கிளுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். டாக்கிளிடமிருந்து மறுகுரல் வரும்வரை அழைப்பு முடியவில்லை. வாக்-த்ரூவில் (நடந்தே பழகும் பயிற்சி) 12 ப்ளே வையுங்கள், ஸ்பீக்கரில் கூட்ட இரைச்சல். மறுகுரல் வராத ப்ளே செல்லாது, திரும்ப முதலிலிருந்து. மூன்றாவது முறை திரும்பச் செய்யும்போது சீனியர்களே 'டேய், சத்தமா சொல்லு' என்பார்கள். அதுதான் வேண்டியது. குரலை அவர்களே கேட்டு வாங்க வேண்டும்.

---

கிக்ஸ்லைடு_77:

மேல சொன்னது எல்லாம் சரி. நான் அந்த வலது டாக்கிள் விஷயத்துக்கு வர்றேன், நிஜமான ஓட்டை அங்கதான்.

ஹாஃப் ஸ்லைடு, இடது பக்கம்னு வைங்க. சென்டர், இடது கார்டு, இடது டாக்கிள் மூணு பேரும் இடது கேப்புக்கு (ஆட்களுக்கு நடுவுல உள்ள இடைவெளி) போவாங்க. வலது கார்டும் டாக்கிளும் ஆளுக்கு ஆள். இப்ப வலது பக்கம் ரெண்டு பேரும் டாக்கிள் பேச்சைக் கேட்டு வலது பக்கம் நகர்ந்துட்டா என்ன ஆகும்? சென்டருக்கும் வலது கார்டுக்கும் நடுவுல ஏ கேப் வாசல் மாதிரி திறந்துடும். குவாட்டர்பேக்கை அடைய அதைவிடக் குறுக்கு வழி கிடையாது. இதே இடத்துல அஞ்சு பேரும் ஒண்ணா தப்பான பக்கம் போயிருந்தா, விடுபடுறவன் ஓரத்துல இருந்து வருவான். தூரம் அதிகம், குவாட்டர்பேக் பார்த்துப் பந்தைத் தள்ளிவிட நேரம் இருக்கு. அதனால சென்டர் தப்பா சொன்னாலும் அந்த ப்ளேயில அதுதான் சட்டம். இதைப் பையன் சொல்லக் கூடாது. லைன் கோச் எல்லாரையும் வச்சு ஒரு தடவை சொல்லிடணும், போர்டுல வரைஞ்சு.

ஆனா டாக்கிள் வாயை அடைக்காதீங்க. ஓரத்துல நிக்கல் உள்ள வர்றதும் கார்னர் நழுவுறதும் (ரெண்டு பேரும் எதிரணிப் பின்வரிசை) அவருக்குத்தான் முதல்ல தெரியும், சென்டருக்குத் தெரியவே தெரியாது. அதனால வேலையைப் பிரிங்க: டாக்கிள் தகவல் சொல்லலாம், திசை சொல்லக் கூடாது. 'நிக்கல் வர்றான்'னு சொல்லலாம், அதைக் கேட்டு திசையை மாத்துறதா வேண்டாமான்னு சென்டர் முடிவு. இப்படிப் பிரிச்சுக் கொடுத்தா நாலாம் வருஷக்காரருக்கும் மரியாதை கெடாது, சின்னப் பையன் கையிலயும் சாவி இருக்கும்.

பஞ்சாயத்து பெஞ்சில. 2024-ல இருந்து ஆட்டத்து வீடியோவை ஓரத்துல டேப்லெட்ல பார்க்க அனுமதி இருக்கு, அணிக்கு 18 வரைக்கும். டிரைவ் (நம்ம கையில பந்து இருக்கிற ஒரு சுற்று) முடிஞ்சு உட்கார்ந்ததும் பையன் முதல்ல தன் தப்பைக் காட்டட்டும்: 'இங்க நான் 3-டெக்னிக்கைத் தப்பாப் படிச்சேன்.' அதுக்கப்புறம் மத்தவங்க தப்பு. இந்த வரிசை மாறினா அவன் பேச்சு எடுபடாது.

ஸ்டன்ட் ஒழுகுறதுக்குக் காரணம் தொண்ணூறு சதவீதம் மட்டம் ஒண்ணா இல்லாதது. டி-இ ஸ்டன்ட்ல டிஃபென்சிவ் டாக்கிள் முதல்ல வெளிப்பக்கம் நம்ம டாக்கிள் மேல பாய்வான், எண்ட் (ஓரத்து ஆள்) சுத்திக்கிட்டு உள்ள வருவான். நம்ம டாக்கிள் கிக் ஸ்லைடு (பின்னாடி சறுக்குற அடிவைப்பு) போட்டு கார்டைவிட ரெண்டு அடி பின்னாடி போயிருந்தா, பாயுறவன் ரெண்டு பேருக்கும் நடுவுல கார்டை இடிச்சு அடைச்சிடுவான், எண்டுக்கு ராஜபாட்டை. ரெண்டு பேரும் ஒரே ஆழத்துல நிக்கணும். கார்டு, பாயுறவனை டாக்கிள் நெஞ்சு வரைக்கும் தள்ளிக்கிட்டே போகணும், டாக்கிள் கை பட்டதும்தான் விடணும். 'வர்றான்'னு பார்த்ததும் கார்டு கையை எடுக்குறதுதான் வழக்கமான தப்பு. பயிற்சி முடிஞ்சு நாலு பேர் போதும், பாதி வேகத்துல இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 10. வேகம் கூட்டாதீங்க, கூட்டினா மட்டம் போயிடும்.

முன்கூட்டியே தெரிஞ்சுக்க: எண்ட் வழக்கத்தைவிட உள்ள நெருங்கி, அரை அடி பின்னாடி நின்னான்னா சுத்தப் போறான்.

---

ஸ்பிரிங்_15:

இருவருக்கும் நன்றி. தகவல், திசை என்று பிரிப்பது எனக்குத் தோன்றவே இல்லை. வெளியூர் ஆட்டத்தில் குரலே பயன்படாதபோது? அப்புறம் கேப்டன் கேள்வி அப்படியே நிற்கிறது.

---

ஜீரோ_டெக்னிக்:

சைலன்ட் கவுண்ட். ஷாட்கன்னில் (குவாட்டர்பேக் சில அடி பின்னால் நிற்கும் அமைப்பு) வலது கார்டு திரும்பி குவாட்டர்பேக்கைப் பார்ப்பான், குவாட்டர்பேக் காலைத் தூக்கினால் கார்டு சென்டரின் இடுப்பில் தட்டுவான், சென்டர் தலையை நிமிர்த்துவான், ஒரு துடிப்பு விட்டு ஸ்னாப். டாக்கிள்கள் பந்தைப் பார்ப்பதில்லை, தலையைத்தான் பார்க்கிறார்கள். அதனால் தலை அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, மெதுவாக. வெடுக்கென்று ஆட்டினால் ஃபால்ஸ் ஸ்டார்ட் (ஸ்னாப்புக்கு முன் அசையும் தவறு), 5 யார்டு போச்சு.

இதில் தவறு நடப்பது இரண்டாம் கால்பகுதியில். எதிரணி எண்ட் அந்தத் துடிப்பை எண்ணிப் பழகிவிடுவான். அதற்குள் முதல் அசைவு, இரண்டாம் அசைவு என்று மாற்றத் தொடங்க வேண்டும். அதை முடிவு செய்வது சென்டரும் குவாட்டர்பேக்கும், ஹடிலில் (ப்ளேக்கு முன் கூடும் வட்டம்) அல்லது பெஞ்சில். மைக் எண்ணை இரைச்சலில் கைவிரலில் காட்டலாம், ஆனால் கார்டு குவாட்டர்பேக் பக்கம் திரும்பும் முன்பே காட்டிவிட வேண்டும். அவன் திரும்பியபின் காட்டினால் அந்தப் பக்கம் பார்ப்பவர் யாரும் இல்லை.

---

பனித்தொட்டி:

கேப்டன் பற்றி. டாஸுக்குக் கேப்டன்கள் நால்வர் வரை போகலாம் என்பது விதி, ஆகவே இடம் ஒன்று கிடைக்கக்கூடும். ஆனால் 20 வயதுப் பையனை அதற்காகத் 'தயார்' செய்தால் அது அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். விடுங்கள். லைனில் பெருமை தனியாக வருவது குறைவு. சிறந்த ஆஃபென்சிவ் லைனுக்கான ஜோ மூர் விருது 2015 முதல் லைன் முழுவதற்கும் சேர்த்தே தரப்படுகிறது, 2024-இல் ஆர்மி அணியின் லைன் வாங்கியது.

அவன் பார்க்க வேண்டிய இடம் ஸ்பிரிங் முடிந்து ஆகஸ்டு வரை உள்ள வெற்று நாட்கள். சீசனில் வாரம் 20 மணி, நாளுக்கு 4 மணி என்று கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் வரம்பு. சீசன் இல்லாதபோது கட்டாயப் பயிற்சி வாரம் 8 மணிதான். அதற்கு மேல் வீரர்கள் தாமாகக் கூடினால் கூடலாம், பயிற்சியாளர் கட்டாயப்படுத்தவோ வருகை எடுக்கவோ கூடாது. கோச் கண் இல்லாத அந்த நேரத்தில் யார் கூப்பிட்டால் மற்ற நால்வரும் வருகிறார்கள் என்பதுதான் உண்மையான தேர்தல். வாரம் இரண்டு நாள், 20 நிமிடம், உடுப்புக் கவசம் எதுவும் வேண்டாம். போன சீசனிலிருந்து 15 பிளிட்ஸ் (எதிரணியில் கூடுதல் ஆள் பாயும்) ப்ளே எடுத்து ஸ்னாப்புக்கு முன் நிறுத்தி, முதலில் கார்டுகள் அழைப்பு சொல்லட்டும், கடைசியாகச் சென்டர். தான் சொல்லும் முன் பிறரைச் சொல்லவிட்டால், அவர்கள் எங்கே தவறாகப் படிக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். 20 நிமிடம் ஆனதும் நிறுத்த வேண்டும். 40 ஆனால் மூன்றாம் வாரம் யாரும் வரமாட்டார்கள். முதல் வருடப் பையன்களையும் கூப்பிடுங்கள், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.

இதை எழுதாமல் விட்டால் சரியாக இருக்காது: வெப்பம். 300 பவுண்டு உடம்பு சூட்டை மெதுவாகத்தான் வெளியே விடும், வெப்பத் தாக்கு லைன்மேன்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. 2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழக ஆஃபென்சிவ் லைன்மேன் ஜோர்டன் மெக்நேர் ஓட்டப் பயிற்சியில் தளர்ந்து விழுந்தார், ஜூன் 13-இல் இறந்தார். வயது 19. அவரைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தவில்லை என்பது பிந்தைய விசாரணையில் வெளிவந்தது.

பக்கத்தில் ஓடுபவன் தள்ளாடுகிறானா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறானா என்பது தோளோடு தோள் நிற்பவனுக்குத்தான் முதலில் தெரியும். 'இன்னும் ஒண்ணுதான்டா, முடி' என்று தூண்டுபவன் தலைவன் என்ற பழக்கத்தை லைனிலிருந்து முதலில் ஒழிக்க வேண்டும். கையைத் தூக்கி, ஓட்டத்தை நிறுத்தி, அத்லெடிக் ட்ரெய்னரைக் கூப்பிட வேண்டும். கழுத்து வரை பனித்தண்ணீர்த் தொட்டியில் குளிர்விப்பது முதலில், ஆம்புலன்ஸில் ஏற்றுவது அடுத்து. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பதை ஐவரும் சேர்ந்து செய்யலாம். குறைந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் 16 முதல் 24 அவுன்ஸ் நீர் உள்ளே போக வேண்டும். மறுநாள் காலையிலும் எடை திரும்பாதவனை அன்று வெயிலில் ஓடவிடக் கூடாது, அதை ட்ரெய்னர் காதில் போடுவது சென்டரின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஸ்பிரிங்_15:

எடைப் பட்டியலை இந்த வாரமே தொடங்கச் சொல்கிறேன். கடைசியாக ஒன்று: லெஃப்ட், ரைட் என்று பச்சையாகச் சொல்வதை எதிரணி கேட்டுவிடாதா?

---

கிக்ஸ்லைடு_77:

கேட்கும். நேரடியா சொல்றது ஸ்பிரிங்குக்கு மட்டும் போதும். சீசனுக்கு இடது பக்கத்துக்கு 'எல்' எழுத்துல ரெண்டு சொல், வலதுக்கு 'ஆர்' எழுத்துல ரெண்டு சொல், அர்த்தமே இல்லாத பொய்ச் சொல் மூணு. ரன் ப்ளேயிலயும் அந்தப் பொய்ச் சொல்லைக் கத்தணும், இல்லைன்னா வாய் திறந்தாலே பாஸ்னு கண்டுபிடிச்சிடுவாங்க. சொல்லைப் பையன் தனியா உட்கார்ந்து யோசிக்க வேண்டாம், அஞ்சாம் வருஷ கார்டுகிட்ட கேட்டு வாங்கட்டும். தான் வச்ச பேரை அவர் மறக்க மாட்டார், மறுகுரலும் தானா வரும்.

இடைவேளையில சொல்லை மாத்தினா லைன் ஓரத்துல நிக்கிற டைட் எண்டுக்கும் ரன்னிங் பேக்குக்கும் சொன்னீங்களான்னு பாருங்க. அவங்க ரெண்டு பேரும் லைன் பெஞ்சில உட்கார மாட்டாங்க, மூணாவது கால்பகுதி முதல் பிளிட்ஸ்ல பழைய சொல்லை வச்சுத்தான் போவாங்க.